'ஜெய் பீம்' காட்டிய காவல் நிலையம்

கேள்வி: 'ஜெய் பீம்' படத்தில் நகை களவு போனதும் காவலர்கள் இருளர் குடியிருப்பைத்தான் தேடிப் போகிறார்கள். இது கதைக்காக மிகைப்படுத்தியதா?
– வாசகி ஒருவர், விழுப்புரம்

பதில்: மிகை என்று நான் கருதவில்லை. சில சமூகங்களைப் பிறப்பினாலேயே குற்றவாளிகளாகக் கருதிய 1871-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1952-இல் நீக்கப்பட்டுவிட்டாலும், அது ஊட்டிய சந்தேகம் காவல் நிலையங்களை விட்டு எளிதில் அகலவில்லை. படத்துக்கு அடிப்படையான 1993-ஆம் ஆண்டு வழக்கில் காவலர்களின் பிடியில் உயிரிழந்தவர் குறவர் சமூகத்தவர். படம் அவரை இருளராக மாற்றிக்கொண்டது. இந்த மாற்றம் எனக்கு உடன்பாடானதல்ல என்பது வேறு விஷயம்.

கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு அன்றே சொல்லியிருந்தது. பின்னர் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம், கைதுக் குறிப்பில் சாட்சியின் கையொப்பம் வேண்டும், உறவினருக்குத் தகவல் தர வேண்டும் என்றெல்லாம் நெறிகளை வகுத்தது. ஆனால், பிடித்துச் செல்லப்பட்டவர்கள் தப்பியோடிவிட்டதாகக் காவலர்களே எழுதிவைத்துவிட்டால் இந்த நெறிகளால் என்ன செய்ய முடியும்? படத்தில் பிடித்துச் செல்லப்பட்டவரின் மனைவி செங்கேணிக்கு, அவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனு தேவைப்பட்டது அதனால்தான்.