இன்ஜினை நிறுத்தினால் டார்பிடோ ஏமாறுமா?

“1943 அட்லாண்டிக்கில் நடக்கும் கதை எழுதுகிறேன். சத்தத்தைத் தேடி வரும் ஜெர்மன் டார்பிடோவிடமிருந்து தப்பிக்க, பிரிட்டிஷ் காவல் கப்பலின் கேப்டன் இன்ஜினை நிறுத்தச் சொல்கிறார். இது சாத்தியமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

சாத்தியம்தான், ஆனால் எப்போது நிறுத்துகிறார் என்பதைப் பொறுத்தது.

நீங்கள் சொல்வது டி-5 டார்பிடோவாக இருக்க வேண்டும். ஜெர்மானியர் அதற்கு ஒரு சின்னக் குருவியின் பெயரை வைத்திருந்தார்கள். அது தேடுவது இன்ஜின் சத்தத்தை அல்ல. புரொப்பல்லர் வேகமாகச் சுற்றும்போது தண்ணீரில் குமிழிகள் உண்டாகி உடையும், அந்த இரைச்சலில் நம் காதுக்கு எட்டாத 24 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துப் பகுதியைத்தான் அது கேட்கும். மூக்கில் இரண்டு பக்கமும் ஒலிவாங்கிகள். இடப்பக்கம் பலமாகக் கேட்டால் சுக்கான் இடப்பக்கம் திரும்பும், வலப்பக்கம் என்றால் வலப்பக்கம், அவ்வளவுதான் அதன் மூளை. அதனால் அது நடுக்கப்பலில் இடிப்பதாக எழுதாதீர்கள், பெரும்பாலும் பின்பக்கம்தான் போகும். 1943 செப்டம்பர் 20 அன்று அடிபட்ட பிரிட்டிஷ் கப்பல் லகானுக்கு அப்படித்தான் பின்பகுதியே போனது.

வேகத்தை 7 நாட் (மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர்) அளவுக்குக் கீழே குறைத்துவிட்டால் அந்த இரைச்சல் அடங்கிவிடும், டார்பிடோ செவிடாகிவிடும். சிக்கல் என்னவென்றால், ஆயிரம் டன்னுக்கு மேல் எடையுள்ள கப்பல் மணியடித்ததும் நிற்காது. டார்பிடோவோ 24 நாட், அதாவது நொடிக்குச் சுமார் 12 மீட்டர், 400 மீட்டரில் கண்டுபிடித்தால் உங்கள் கேப்டனுக்கு அரை நிமிடம்தான் இருக்கிறது. அப்படியே நின்றுவிட்டாலும் செவிடான டார்பிடோ போன திசையிலேயே வரும், வழியில் நின்றால் இடிக்கும். நிற்கும் கப்பல் சாதாரண டார்பிடோவுக்கும் அல்வா மாதிரி.

என்னைக் கேட்டால், ஃபாக்ஸரைக் கதைக்குள் கொண்டுவாருங்கள். கப்பலுக்குப் பின்னால் கயிற்றில் இழுத்துப்போகும், ஒன்றோடொன்று மோதிக் கடகடவென்று சத்தம் போடும் இரும்புக் குழாய்கள். டார்பிடோ அதைத் துரத்தும். ஆனால் அதே சத்தம் ஒலியை வைத்து நீர்மூழ்கியைத் தேடும் கப்பலின் சொந்த ஆஸ்டிக் கருவியின் காதையும் அடைத்துவிடும், நீர்மூழ்கி எங்கே என்று தேட முடியாது. இழுப்பதா, வெட்டிவிடுவதா? கேப்டன் இங்கே திண்டாடட்டும்.

அப்புறம், மாதத்தைச் சரிபாருங்கள். டி-5 பெரிய அளவில் களமிறங்கியது 1943 செப்டம்பரில். கதை மே மாதத்தில் நடந்தால் சத்தம் தேடும் ஆயுதம் எதிர்ப்பக்கம்தான்: நேச நாட்டு விமானங்கள் மூழ்கும் நீர்மூழ்கிமேல் போட்ட ஃபைடோ என்ற டார்பிடோ. ரகசியத்துக்காக அதைக் கண்ணிவெடி என்றே பெயரிட்டிருந்தார்கள்.