பல் எக்ஸ்ரே தேர்வு: இந்த வாரக் கடிதங்கள்

காட்பாடி வாசகி: வருட டோஸ் வரம்பு எவ்வளவு? தேர்வுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது, அவசரம்.

அவசரத்தில் எந்தத் தேர்வு என்று எழுத மறந்துவிட்டீர்களே அம்மா. எக்ஸ்ரே வேலை செய்பவர் வாங்கும் கதிர்வீச்சுக்கு நம் நாட்டில் ஏ.இ.ஆர்.பி. (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) கணக்கு: ஐந்து வருடச் சராசரி 20 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சு டோஸின் அளவு), எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. அமெரிக்கத் தேர்வில் விடை 50. தேர்வின் பெயரை முதல் வரியிலேயே எழுதுங்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது!

குடியாத்தம் வாசகி: அமெரிக்காவில் அக்காவிடம் போகிறேன். ஆர்.எச்.எஸ். (அங்கே பல் உதவியாளர்களுக்கான எக்ஸ்ரே, பாதுகாப்புத் தேர்வு) எழுத வேண்டும். எப்படி இருக்கும்?

75 கேள்வி, ஒரு மணி நேரம். 900-க்கு 400 வந்தால் பாஸ். அது நேரடி மார்க் இல்லை, பாதி தெரிந்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். பாஸான கையோடு எல்லா மாநிலத்திலும் எக்ஸ்ரே எடுக்கவும் முடியாது, விதி இடத்துக்கு இடம் வேறு. அக்கா ஊர் டென்டல் போர்டில் முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

ஆற்காடு வாசகர்: எலாங்கேஷன் (படத்தில் பல் நீள்வது), ஃபோர்ஷார்டனிங் (குறுகுவது) இரண்டும் குழம்புகின்றன.

உச்சி வெயிலில் நம் நிழல் குட்டை, சாயங்காலம் நெட்டை. எக்ஸ்ரே ட்யூபின் செங்குத்துக் கோணம் கூடினால் பல் குட்டை, குறைந்தால் நெட்டை. வெயிலூர்க்காரருக்கு இதையும் நான் சொல்லித்தர வேண்டுமா தம்பி?

ராணிப்பேட்டை வாசகர்: டெவலப்பரில் (ஃபிலிமில் படம் தெரியவைக்கும் கரைசல்) 5 நிமிடம் என்று படித்தேன். எங்கள் கிளினிக்கில் ஃபிலிம் கறுத்துப்போகிறது.

அந்த 5 நிமிடம் 20 டிகிரிக்கு. சித்திரையில் ஏ.சி. இல்லாத இருட்டறையில் தொட்டி 35-ஐத் தொடும், ஃபிலிம் கரியாகத்தான் வரும். முதலில் ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். தொட்டியைச் சுற்றி ஐஸ் தண்ணீர் வைக்கலாம், டெவலப்பருக்குள் ஐஸ் போட்டுவிடாதீர்கள். தேர்வில் மட்டும் 20, 5 என்றே குறியுங்கள்.

ஆம்பூர் வாசகி: குழந்தைகள் ஃபிலிமைப் பிடிப்பதில்லை. டாக்டர் என்னையே விரலால் பிடிக்கச் சொல்கிறார். தேர்வில் கேட்டால் என்ன எழுதுவது?

தேர்வு கிடக்கட்டும், முதலில் விரலை எடுங்கள். நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த கிளினிக்கிலும் இதே கதைதான். "ஒரு செகண்டுதானே" என்பார் டாக்டர். சொல்லிவிட்டு அவர் கதவுக்கு வெளியே போய் நிற்பார், என் ஆள்காட்டி விரல் பையனின் கடைவாயில் இருக்கும். ஒரு நாளைக்குப் பத்துப் பேர், வருடத்துக்கு முந்நூறு நாள். பிறகு கெல்ஸ் பற்றிப் படித்தேன். நியூ ஆர்லியன்ஸ்காரர், பல் எக்ஸ்ரேயின் முன்னோடி. விரல்கள், அப்புறம் கை, அப்புறம் தோள்வரை எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு அவருக்குத் தெரியாது. நூறு வருடம் கழித்து நமக்குத் தெரியும், தெரிந்தும் பிடிக்கச் சொல்கிறார்கள்.

ஃபிலிமை வாயில் பிடித்து நிறுத்தும் ஹோல்டர் வாங்கித்தரச் சொல்லுங்கள். குழந்தை அடம்பிடித்தால் அம்மாவோ அப்பாவோ லெட் ஏப்ரன் (ஈயக் கவசம்) போட்டுக்கொண்டு பிடிக்கட்டும். அவர்களுக்கு அது என்றோ ஒரு நாள், உங்களுக்குத் தினமும். நீங்கள் ஆறடி தள்ளி, கதிருக்கு 90-லிருந்து 135 டிகிரிக்குள் நில்லுங்கள். தேர்வுக்கும் இதுதான் விடை.

ஆரணி வாசகர்: பழைய வினாத்தாள் கிடைக்குமா?

கிடைக்காது. படியுங்கள்.

திருப்பத்தூர் வாசகி: டி.எல்.டி. பேட்ஜை (நாம் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் பட்டை) எங்கே மாட்டுவது?

மார்பில், ஏப்ரனுக்கு உள்ளே. மேசை டிராயரில் போட்டு வைத்தால் டிராயர் வாங்கிய டோஸ்தான் ரிப்போர்ட்டில் வரும்.

வாணியம்பாடி வாசகர்: ஃபிலிமின் புள்ளி எந்தப் பக்கம்?

புள்ளியின் மேடான பக்கம் ட்யூபைப் பார்க்க வேண்டும். பெரியாபிகலில் (பல்லை வேர் நுனிவரை காட்டும் படம்) புள்ளி ஹோல்டரின் பள்ளத்துக்குள். ஹோல்டர் என்றுதான் எழுதியிருக்கிறேன், விரல் என்று எழுதவில்லை.