1911-லேயே ஐரோப்பியப் பெரும்போர் வெடித்திருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள்?

மொராக்கோ யாருக்கு என்று ஜெர்மனியும் பிரான்சும் முறைத்துக்கொண்ட 1911 அகாதிர் நெருக்கடியிலேயே உலகப் போர் தொடங்கியிருந்தால் எவ்வளவு காலம் நடந்திருக்கும், யார் ஜெயித்திருப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் வரலாற்று மாணவராகவோ கணினியில் போர் விளையாட்டு ஆடுபவராகவோ இருக்க வேண்டும், ஏனென்றால் கேள்வியோடு சேர்த்து நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் எந்த நாட்டிடம் எத்தனை டிவிஷன், எத்தனை டிரெட்நாட் என்ற பெரிய போர்க்கப்பல் என்றே போகிறது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாரிஸ் உடனே விழுந்திருந்தால் தவிர, ஜெர்மனியால் ஒரு வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்திருக்க முடியாது. காரணம் தளபதிகள் இல்லை, அமோனியா.

நான் வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. ஓர் உர ஆலையின் அமோனியா பிளாண்டில் ஆபரேட்டராகச் சேர்ந்து, ஷிஃப்ட் இன்சார்ஜாக ஓய்வு பெற்றவன். பிளாண்ட்காரனுக்கு எதற்கு வரலாறு என்று நினைப்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடலாம். அதை என் முகத்துக்கு நேராகவே சொன்னவர்கள் உண்டு, கீழே சொல்கிறேன்.

முதலில் 1911. ஜூலை 1-ஆம் தேதி ஜெர்மனியின் பாந்தர் என்ற சின்னப் போர்க்கப்பல் மொராக்கோவின் அகாதிர் துறைமுகத்துக்கு வந்து நின்றது. 21-ஆம் தேதி லண்டனில் பிரிட்டிஷ் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் ஜெர்மனியை எச்சரித்துப் பேசினார். ஜோஃப்ரே பிரெஞ்சுப் படைத் தலைமைக்கு வந்ததே அந்த மாதக் கடைசியில்தான். வெல்ல 100-க்கு 70 வாய்ப்பாவது இருக்கிறதா என்று பிரெஞ்சுப் பிரதமர் காயோ கேட்க, இல்லை என்றார் ஜோஃப்ரே. அப்படியானால் பேசித் தீர்ப்போம் என்று நவம்பர் 4-ல் ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். மொராக்கோ பிரான்சுக்கு, பிரெஞ்சு காங்கோவில் ஒரு பகுதி ஜெர்மனிக்கு. ஜப்பானிடம் தோற்ற அடியிலிருந்து ரஷ்யா இன்னும் எழுந்திருக்கவில்லை, மொராக்கோவுக்காகச் சண்டை போட ஆஸ்திரியாவுக்கும் விருப்பமில்லை. ஆக, போர் வந்திருந்தால் முதல் சில மாதங்களாவது அது மேற்கில் மட்டும் நடந்திருக்கும், ஜெர்மனி ஏறக்குறைய முழுப் படையையும் பிரான்ஸ் மேல் இறக்கியிருக்கும். பாரிஸ் விழுந்திருக்கும் என்று நீங்கள் வாதாடினால் மறுக்க மாட்டேன், அந்த ஒரு ஓட்டைதான் என் பதிலில் இருக்கிறது. ஆனால் 1914-ல் மார்ன் ஆற்றங்கரையில் நின்றது போல எங்காவது ஓரிடத்தில் படை நின்றுபோயிருந்தால்? அதற்கப்புறம் பீரங்கிக்கு வெடிமருந்து வேண்டும்.

மருந்துக்கு நைட்ரிக் அமிலம் வேண்டும். அந்தக் காலத்தில் அதற்கு முக்கிய மூலம் சிலி நாட்டுப் பாலைவனத்தில் வெட்டியெடுத்த வெடியுப்பு. அதை உலகிலேயே அதிகமாக வாங்கிய நாடு ஜெர்மனி, அது வரும் கடல் வழி பிரிட்டன் கையில். 1914-ல் நடந்ததும் இதுதான். கப்பல் வரத்து நின்றது, கையிருப்பு சில மாதங்களுக்குத்தான் காணும் என்று தெரிந்தது, பெல்ஜியத் துறைமுகமான ஆண்ட்வெர்ப்பைப் பிடித்தபோது அங்கே கிடைத்த வெடியுப்பு கொஞ்சம் மூச்சு விட வைத்தது. காப்பாற்றியது ஓப்பாவ் என்ற ஜெர்மன் ஊரில் பி.ஏ.எஸ்.எஃப். என்ற ரசாயன நிறுவனம் கட்டியிருந்த ஆலை. காற்றிலிருந்து அமோனியா எடுக்கும் முதல் ஆலை, 1913 செப்டம்பரில்தான் ஓடத் தொடங்கியது. அந்த நிறுவனத்தின் கார்ல் போஷ் அந்த அமோனியாவைப் பெரிய அளவில் வெடியுப்பாக மாற்றித் தருவதாக அரசுக்கு உறுதி கொடுத்து, 1915 மே மாதத்தில் செய்தும் காட்டினார். 1911-ல் இந்த ஆலைக்கு அடிக்கல்கூடப் போடவில்லை.

காற்றிலிருந்து அமோனியா எடுக்கும் வழியை வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர் 1909-லேயே கண்டுபிடித்துவிட்டாரே என்று ஒருவர் வருவார். ஹேபர் காட்டியது மேசை மேல் வைக்கும் கருவி. அதை ஆலையாக்க என்ன பாடு என்பது பிளாண்டில் நின்றவனுக்குத்தான் தெரியும். 500 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு, 200 அட்மாஸ்பியர் பிரஷர். ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதிலுள்ள கார்பனைத் தின்றுவிடும். போஷின் முதல் குழாய்கள் சில நாட்களிலேயே வெடித்தன. 1911 தொடக்கத்தில்தான் அவருக்கு வழி கிடைத்தது: உள்ளே கார்பன் குறைந்த மெல்லிரும்பு உறை, வெளியே பிரஷரைத் தாங்கும் எஃகு, கசியும் ஹைட்ரஜன் தேங்காமல் வெளியேற எஃகில் சின்னச் சின்ன ஓட்டைகள்.

அமோனியா உருவாகும் கலனைக் கன்வர்ட்டர் என்போம், எங்கள் கன்வர்ட்டரிலும் ஓட்டைகள் உண்டு, வீப் ஹோல் என்போம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை ஏன் அடைக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு ஷட்டவுனின்போது இன்ஸ்பெக்ஷன் சார் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டி, "தம்பி, இந்த ஓட்டை இல்லன்னா முதல் உலகப் போரு சீக்கிரமே முடிஞ்சிருக்கும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நூலகத்தில் ஒவ்வொரு புத்தகமாகத் தேடிப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். நைட் ஷிஃப்டில் எல்லா ரீடிங்கும் எடுத்து முடித்த பிறகு படித்தேன், பஸ்ஸில் படித்தேன்.

2014-ல் போரின் நூற்றாண்டுக்கு எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் பேசச் சொன்னார்கள். இதைத்தான் தயாரித்துக்கொண்டு போனேன். பாதியில் தலைமை தாங்கிய பேராசிரியர் மைக்கைத் தன் பக்கம் இழுத்து, கெமிஸ்ட்ரி வகுப்பு போதும், போருக்கு வாருங்கள், இதெல்லாம் ஆலைக்காரர்கள் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் என்றார். கூட்டம் சிரித்தது. அப்புறம் கேள்வி நேரத்தில் எல்லோருக்கும் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல்தான் வேண்டியிருந்தது, சென்னையில் குண்டு போட்ட கதை. நான் சொன்னேன்: சரி, எம்டனிலிருந்தே வருவோம். எம்டன் எந்தக் கப்பற்படைப் பிரிவிலிருந்து கிளம்பி வந்ததோ அதே பிரிவுதான் பசிபிக்கைக் கடந்து போய், 1914 நவம்பர் 1-ல் சிலிக் கரையோரம் கொரோனெலில் பிரிட்டிஷ் கப்பல்களை மூழ்கடித்தது. கொஞ்ச நாளைக்கு நேச நாடுகளுக்கும் வெடியுப்பு வரத்து தடுமாறியது. டிசம்பர் 8-ல் ஃபாக்லாந்துத் தீவுகளுக்கு அருகே அந்தப் பிரிவின் கதையும் முடிந்தது. எம்டனைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், அதன் கூட்டாளிக் கப்பல்கள் எந்தக் கரையில் சண்டை போட்டன, அங்கே என்ன விளைந்தது என்று யாராவது கேட்டோமா? பேராசிரியர் பதில் சொல்லாமல் நன்றியுரைக்குப் போய்விட்டார். இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

இந்தக் கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் கன்ட்ரோல் ரூமைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியபோது பழைய லாக் புக்குகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். கேட்டலிஸ்ட் எப்படி எப்படி வயதானது, எந்த மழைக்காலத்தில் எந்த கம்ப்ரஸர் மக்கர் செய்தது, எல்லாம் மணிக்கு மணி கையெழுத்தில் இருந்தது. ஓர் அலமாரி ஒதுக்குங்கள் என்று எழுதிக் கொடுத்தேன், பதிலே வரவில்லை. தளபதிகளின் கடிதங்களுக்கு ஆவணக் காப்பகம் உண்டு, அமோனியா ஓட்டியவன் எழுதியது பழைய பேப்பர் கடைக்கு.

சரி, எதிர்வாதம் ஒன்று வரும், அது நியாயமானதுதான். நிலக்கரியைக் கோக் ஆக்கும் அடுப்புகளின் வாயுவிலிருந்து அமோனியா வந்தது, அதை நைட்ரிக் அமிலமாக்க ஓஸ்ட்வால்டின் முறை 1911-க்கு முன்பே இருந்தது, காற்றின் நைட்ரஜனை வேறு வழியில் பிடிக்கும் சயனமைடு ஆலைகளும் இருந்தன, உண்மையில் போரின் முதல் வருடங்களில் சயனமைடின் பங்கு மிகப் பெரியது என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் ஜெர்மனி மூன்றே மாதத்தில் படுத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆலைகளை விரிவாக்கவே மாதக்கணக்கில் ஆகும், 1911-ல் அவை இன்னும் சிறியவை. 1916-ல் பிரான்சில் நடந்த வெர்டன் சண்டை மாதிரி பத்து மாதம் குண்டு பொழியும் போருக்கு அது காணாது.

ஆகவே 1911 கோடையில் போர் வெடித்து, பாரிஸ் தப்பியிருந்தால், 1912 கோடைக்குள் ஜெர்மனி சமாதானம் கேட்டிருக்கும். பெல்ஜியத்தையும் பிடித்த பிரெஞ்சு மண்ணையும் விட்டு வெளியேறியிருக்கும், முன்பு பிரான்சிடமிருந்து எடுத்துக்கொண்ட அல்சேஸ்–லொரேனில் ஒரு பகுதியையாவது கொடுத்திருக்கும். ரஷ்யாவில் ஜாரும் வியன்னாவில் பேரரசரும் அரியணையிலேயே இருந்திருப்பார்கள் என்பது என் கணிப்பு. டிவிஷன் கணக்கை வைத்து மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம், கூடவே அந்த டிவிஷன்களுக்கு மருந்து எங்கிருந்து வந்திருக்கும் என்பதையும் எழுதுங்கள்.