வடிவமைப்பும் உள்ளடக்கமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இணையதளங்களையும் செயலிகளையும் வடிவமைக்கும் குழுவொன்றில் ஆறு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். உள்ளடக்கம் முடிவான பிறகே திரையை வரைய வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வாடிக்கையாளர்களோ வண்ணமும் படமும் நிறைந்த திரையைக் கண்டால்தான் ஒப்புதல் தருகிறார்கள். எழுத்து கடைசி வாரத்தில்தான் வந்து சேர்கிறது. பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவதும் தோற்றம்தானே?

ஒரு வடிவமைப்பாளர்

அன்புள்ள நண்பருக்கு,

கண்ணில் முதலில் படுவது தோற்றம்தான். அதை முதலில் செய்தாக வேண்டும் என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

எழுத்து வரும்வரை நீங்கள் இட்டு நிரப்பும் ‘லோரம் இப்சம்’ என்ற மாதிரிப் பத்தி, ரோமானிய அறிஞர் சிசரோ கி.மு. 45இல் எழுதிய லத்தீன் நூலொன்றின் சிதைந்த துணுக்கு. எழுத்துருவின் அடர்த்தியைப் பார்க்க அது உதவும். ஆனால் அதற்குப் பொருள் இல்லை என்பதால் அது யாரையும் குழப்புவதில்லை. ஒதுக்கிய இடத்தை மீறுவதுமில்லை. நான் வாசகங்கள் எழுதிக்கொடுத்த ஒரு பணம் செலுத்தும் செயலியில், பிழைச் செய்திக்கென்று ஒரே வரி அகலத்தில் சிவப்புப் பட்டை ஒன்றை வரைந்து ஒப்புதலும் பெற்றுவிட்டார்கள். பணம் கணக்கிலிருந்து போய்விட்டதா, திரும்ப வருமா, மறுபடியும் முயலலாமா என்ற மூன்று கேள்விகளோடு பதறி நிற்பவருக்கு அந்தப் பட்டைக்குள் ‘பிழை நேர்ந்தது’ என்பதற்கு மேல் எதையும் சொல்ல இயலவில்லை. அன்று எனக்கு உண்டான வருத்தம் இன்னும் தீரவில்லை.

விளம்பரப் பக்கங்களில் இதன் விளைவு இன்னும் மோசமானது. அழகுக்காக மூன்று சமமான கட்டங்களை வரைந்துவிட்டால், சொல்வதற்கு இரண்டே சிறப்புகள் உள்ள பொருளுக்கும் மூன்றாவதாக ஒன்றை யாராவது புனைந்தாக வேண்டியிருக்கிறது. ‘நம்பகமானது’, ‘தரமானது’ போன்ற வெற்றுச் சொற்கள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன என்பது என் கணிப்பு.

யாரும் படிப்பதில்லை என்று உங்கள் குழுவினர் சொல்லக்கூடும். இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் யாகோப் நீல்சன் 1997இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களில் 79 விழுக்காட்டினர் புதிய பக்கத்தை மேலோட்டமாகவே நோக்கினர். 16 விழுக்காட்டினர் மட்டுமே சொல் சொல்லாகப் படித்தனர். அவ்வாறு நோக்குபவரின் கண் தேடி நிற்பது தலைப்புகளையும் இணைப்புகளையும் அல்லவா? அச்சொற்கள் தெளிவாக இல்லையென்றால் அவர் அந்தப் பக்கத்தை விட்டுப் போய்விடுவார். திரையில் உள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பானின் துணையோடு இணைப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கேட்டுச் செல்லும் பார்வையற்றவருக்கோ, பத்து இடங்களில் ‘இங்கே சொடுக்கவும்’ என்று ஒலிக்கும் பக்கத்தால் எந்தப் பயனும் இல்லை.

படமே உள்ளடக்கமாகும் இடங்களும் உண்டு. ஆடை வாங்க வருபவருக்குத் துணியின் நிறமும் மடிப்பும்தான் செய்தி. அங்கே நல்ல நிழற்படத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வாடிக்கையாளரின் ஒப்புதலைப் பொறுத்தவரை, இறுதி எழுத்துக்காகக் காத்திருக்கச் சொல்லவில்லை. அவருடைய உதவி மையத்துக்கு அடிக்கடி வரும் கேள்விகளை முதல் சந்திப்பிலேயே கேட்டு வாங்குங்கள். அவற்றுக்கான விடைகளைக் கரடுமுரடாகவேனும் எழுதி, வண்ணமில்லாத வெறும் பக்கத்தில் வரிசைப்படுத்தி, அவர் முன்னிலையில் உரக்கப் படியுங்கள். எந்த விடை முதலில் வர வேண்டும் என்று அவரே திருத்தத் தொடங்குவார். அந்த வரிசை உறுதியானதும் நீங்கள் வரையத் தொடங்கலாம்.

அன்புடன்,
ஆசிரியர்