போட்டியாளர் பகுதியை நீக்க வேண்டாம்

வணக்கம். அரசுப் பல்கலைக்கழகத் துறைத்தலைவர்களிடம் எடுத்த சந்தை நோக்கு சர்வேயில் போட்டியாளர் நோக்குப் பகுதியின் ஆல்ஃபா (ஒரு பகுதியின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) மட்டும் குறைகிறது, அந்தக் கேள்விகளை நீக்கிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டு நீக்காதீர்கள். சந்தையியல் ஆய்வாளர்கள் நார்வரும் ஸ்லேட்டரும் 1990இல் தந்த அளவுகோலில் வாடிக்கையாளர் நோக்கு, போட்டியாளர் நோக்கு, துறைகளுக்கிடையிலான ஒருங்கிணைப்பு மூன்றும் சேர்ந்ததுதான் சந்தை நோக்கு. ஒன்றை எடுத்தால் கருத்தாக்கமே மாறிவிடும்.

ஆனால் அந்த அளவுகோல் வணிக நிறுவனங்களுக்காக எழுதப்பட்டது. கட்டணத்தைத் தானே தீர்மானிக்க முடியாத துறைத்தலைவர், சந்தைப் போட்டி பற்றிய கேள்விக்கு என்னதான் டிக் செய்வார்? அவர் போட்டியிடுவது நல்ல ஆசிரியர்களுக்கும் ஆய்வு நிதிக்கும். "மற்ற பல்கலைக்கழகங்கள் இதே பாடத்தில் தொடங்கும் புதிய படிப்புகளைப் பற்றித் துறைக் கூட்டத்தில் பேசுகிறோம்" என்பதுபோல் மாற்றி எழுதி, சிறு குழுவிடம் மறுபடி சோதியுங்கள்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை, துறையின் செயல்திறனையும் அதே தலைவர்களிடமே கேட்டிருப்பது. தன் துறை நன்றாக நடக்கிறது என்று நினைப்பவர் இரண்டு பகுதியிலும் 5 போடுவார். சந்தை நோக்குக்கும் செயல்திறனுக்கும் உள்ள உறவு வலுவாகத் தெரியும், நம்ப முடியாது. எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் கேட்பதால் வரும் சாய்வைத் தேடும் ஹார்மன் சோதனை மட்டும் இதற்குப் போதாது. குறித்த காலத்தில் பட்டம் முடித்தோர் விகிதம், வெளியிலிருந்து வந்த ஆய்வு நிதி ஆகியவற்றைப் பதிவேட்டிலிருந்து எடுங்கள். முடிந்தால் சர்வேக்கு அடுத்த ஆண்டின் தரவாக இருக்கட்டும். அனுமதி கிடைக்கத் தாமதமாகலாம், கடிதத்தை இப்போதே கொடுத்துவிடுங்கள்.