பிடியரிசிக் கணக்கு: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குறையைத்தான் சொல்கின்றன: நல்ல பழக்கம் ஒன்றைத் தொடங்கினேன், நாலாம் நாள் விட்டுவிட்டேன். எழுதியவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: கணவர் இல்லை. இரண்டு பிள்ளைகள். கோழி வளர்ப்பும் தோட்டக் கூலியும்தான் வருமானம். கிழமைக்கு ஒருதரம் நுண்கடன் கட்டவேண்டும். மாதம் ஆயிரம் ரூபாய் சேமிக்க நினைக்கிறேன். மாத முடிவில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. (வாசகி, விசுவமடு)

பதில்: மிஞ்சினால் சேமிப்போம் என்று இருந்தால் மிஞ்சாது, அக்கா. உங்கள் அம்மம்மா பிடியரிசி போட்ட முறையை நினைத்துப் பாருங்கள். உலைக்கு அரிசி அளந்ததும், கழுவ முன்னம், ஒரு பிடி எடுத்துப் பக்கத்துப் பானையில் போடுவார்கள். சமைத்து மிஞ்சிய சோற்றில் இருந்து யாரும் பிடியரிசி எடுத்ததில்லை. ஒரு பிடி ஏறக்குறைய 40 கிராம் வரும். சாப்பிடுகிறவருக்கு அந்தக் குறைவு தெரியாது. நாளுக்கு ஒரு பிடி என்றாலே மாத முடிவில் பானையில் 1 கிலோ 200 கிராம் இருக்கும். எப்போது எடுப்பது என்று யோசிக்கத் தேவையில்லை, அரிசி அளந்த கையே எடுக்கும். அரிசி தட்டுப்பாடான நாளிலும் ஒரு பிடி எடுக்கலாம்.

காசிலும் இப்படியே செய்யுங்கள். ஆயிரம் ரூபாய் என்பது நல்ல மாதத்தைப் பார்த்து வைத்த இலக்கு. அடைமழையில் கூலி இல்லாமற்போகும் கார்த்திகைக் கிழமை ஒன்றை நினையுங்கள். அந்தக் கிழமையிலும் முட்டை விற்ற காசில் எவ்வளவை எடுத்து வைத்தால் அடுப்பு எரியும்? இருபது ரூபாய் என்றால் இருபதுதான் உங்கள் இலக்கு. முட்டைக் காசு கைக்கு வந்தவுடன், வேறொன்றுக்கும் எடுக்க முன்னம், 20 ரூபாயை ரின்னுக்குள் போடுங்கள். மாதம் 600, வருடம் 7,300 ரூபாய்.

நல்ல நாளில் நூறு போடலாம். ஆனால் அடுத்த நாளும் இருபது போடவேண்டும். "நேற்று நூறு போட்டேன், இண்டைக்குத் தேவையில்லை" என்ற கணக்கில்தான் பல ரின்கள் நின்றுபோகின்றன. கைக்கு எட்டும் ரின்னைத் திறக்க மனம் வரும் என்பதால் மூடியை ஒட்டிவிடுங்கள். மாதம் ஒருதரம் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ வங்கியிலோ போட்டுப் புத்தகத்தில் பதியுங்கள். முதல் 5,000 ரூபாய் சேர எட்டு, ஒன்பது மாதம் எடுக்கும். அந்தக் காசை நோய் நொடிக்கென்று மட்டும் வையுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த கிழமையில்தான் பெரும்பாலும் இரண்டாவது கடன் வீட்டுக்குள் வருகிறது.

சீட்டு இப்போதைக்கு வேண்டாம். அதில் தொகையை மற்றவர்கள் தீர்மானிக்கிறார்கள், உங்கள் கெட்ட கிழமைக்கு அது இறங்கி வராது. கடன் தவணை கட்டமுடியாது என்று தெரிந்தால், நாள் வர முன்னமே போய்த் தவணையை மாற்றித்தரக் கேளுங்கள். ஒத்துக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: வயது 43. நீரிழிவு. நாளுக்கு 30 நிமிடம் நடக்கச்சொல்லி கிளினிக்கில் சொன்னார்கள். மூன்று தரம் தொடங்கி மூன்று தரமும் விட்டேன். விடிய நாலரைக்கு எழும்பிச் சமைத்துவிட்டு ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு ஓடுகிறேன். வர இருட்டிவிடும். றோட்டில் நாய், எங்கள் பக்கம் யானைப் பயமும் இருக்கிறது. (வாசகி, ஒட்டுசுட்டான்)

பதில்: றோட்டை விடுங்கள். உங்கள் வளவுக்குள்ளேயே நடக்கலாம். அரை ஏக்கர் காணி ஏறக்குறையச் சதுரமாக இருந்தால், வேலியோரமாக ஒரு சுற்று 180 மீற்றர் வரும். ஐந்தரைச் சுற்று ஒரு கிலோமீற்றர். கால் ஏக்கர் என்றால் ஒரு சுற்று 125 மீற்றருக்குச் சற்றுக் கூட. ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியால் வேலியோரத்தை இரண்டடி அகலத்துக்குச் செருக்கி, வேர், கல், முட்கம்பித் துண்டுகளை அகற்றிவிடுங்கள். இருட்டில் பாம்பு கிடக்கலாம், ரோச் இல்லாமல் இறங்கவேண்டாம்.

அடுத்தது நேரம். பஸ்ஸால் வந்து படலையைத் திறந்ததும், செருப்பைக் கழற்றாமல், பையை மட்டும் வைத்துவிட்டு நேரே வேலியோரம் போங்கள். செருப்பைக் கழற்றித் திண்ணையில் இருந்துவிட்டால் அதன்பிறகு அடுப்படி கூப்பிடும், பிள்ளை கூப்பிடும், நாரி நோகும். நீங்கள் விட்ட மூன்று தரமும் இந்த இடத்தில்தான் விட்டிருப்பீர்கள்.

முதல் இரண்டு கிழமை இரண்டே இரண்டு சுற்று, அதாவது ஐந்து நிமிடம். இந்த ஐந்து நிமிடத்தால் இரத்தத்தில் சீனி பெரிதாகக் குறையாது, அதை மறைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்வது கிழமைக்குக் குறைந்தது 150 நிமிடம். இப்போது நாங்கள் சேர்ப்பது நடையை அல்ல, நடைக்கான நேரத்தை. 14 நாளில் 10 நாளாவது நடந்திருந்தால் அடுத்த இரண்டு கிழமைக்கு இன்னும் இரண்டு சுற்றைக் கூட்டுங்கள். பத்து நாள் தேறவில்லை என்றால் அதே அளவில் நில்லுங்கள். இந்தப்படி போனால், பத்துக் கிழமை முடிய 12 சுற்றுக்கு, அதாவது 30 நிமிடத்துக்கு, வந்துவிடுவீர்கள்.

நாங்கள் அதிகம் காணும் பிழை மூன்றாம் நாளில் நடக்கிறது. உடம்பு இலேசாக இருக்கிறதென்று பத்துச் சுற்றுப் போவார்கள், மறுநாள் முழங்கால் வீங்கும், அத்தோடு சரி. மற்றப் பிழை, ஓவர்டைம் செய்து களைத்து வந்த நாளை முழுதாக விடுவது. அந்த நாளுக்கென்றுதான் இரண்டு சுற்று. 12 சுற்றுக்கு வந்தபிறகும் அந்த இரண்டுதான் உங்கள் பிடியரிசி. நடந்த நாளைக் கலண்டரில் புள்ளி போட்டு வையுங்கள்.

இன்சுலினோ கிளிக்லசைட் போன்ற குளிசையோ எடுப்பவராக இருந்தால் வெறும் வயிற்றில் நடக்கவேண்டாம். நடுக்கம், குளிர்ந்த வியர்வை, கண் இருட்டுதல் வந்தால் உடனே இருந்து, மூன்று நான்கு தேக்கரண்டி சீனியை அரைக் கப் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொருதரம் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இரவில் கால் கழுவும்போது விரலிடுக்கையும் உள்ளங்காலையும் பாருங்கள். வெடிப்போ கொப்புளமோ கண்டால் அது ஆறும்வரை நடையை நிறுத்திக் கிளினிக்கில் காட்டுங்கள்.

கேள்வி: 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று போனில் பார்த்தேன். வயல் வரவுசெலவை ஒவ்வொரு நாளும் எழுதத் தொடங்கி இன்று 26 ஆம் நாள். இன்னும் மனதை வற்புறுத்தித்தான் எழுதுகிறேன். இடையில் இரண்டு நாள் விட்டும் விட்டேன். (கமக்காரர், நெடுங்கேணி)

பதில்: ஐயா, உங்களில் பிழையில்லை, 21 என்ற கணக்கில்தான் பிழை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை 12 கிழமை அவதானித்து 2009 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் எடுத்தது. ஆளுக்காள் 18 நாளில் இருந்து 254 நாள் வரை வேறுபடும் என்றும் மதிப்பிட்டார்கள். ஒரு குவளை தண்ணீர் குடிப்பது போன்ற இலேசான செயல் கெதியாகப் படிந்தது, உடற்பயிற்சி தாமதமாகப் படிந்தது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பைத் தரவில்லை என்பதும் அதே ஆய்வில் உண்டு. ஆகவே விட்ட இரண்டு நாளைத் திரும்ப எழுத மினக்கெடவேண்டாம், இன்றைய செலவை எழுதுங்கள்.

கமக்காரருக்கென்று ஒரு சங்கதி. தைப்பொங்கலோடு, ஜனவரி 14 இல் ஒன்றைத் தொடங்கினால் 66 ஆம் நாள் மார்ச் 20 அளவில் வரும். அந்த இடைவெளி முழுவதும் காலபோக அறுவடை, நெல்லுக் காயவிடுதல், விற்பனை. நித்திரை நேரமே மாறிப்போகும் காலம் அது. புதுப் பழக்கத்தை வயல் வேலை ஓய்ந்த கிழமையில் தொடங்குவது நல்லது. இப்போதே தொடங்கிவிட்ட உங்களுக்கு, அறுவடை நாட்களுக்கு மட்டும் ஒரு சின்ன அளவு: அன்றைய ஆகப்பெரிய செலவு ஒன்றை, ஒரே வரியில். கொப்பியும் பேனையும் விளக்கு வைக்கும் இடத்தில் இருக்கட்டும். பேனையை நூலால் கொப்பியோடு கட்டிவிடுங்கள். பேனை தேடப்போன இடத்திலேயே பலருடைய கணக்கு நின்றுவிடுகிறது.

கேள்வி: நாளுக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் மூன்று கரண்டி சீனி. ஒரேயடியாக நிறுத்தினால் தலையிடிக்கிறது. (வாசகர், மல்லாவி)

பதில்: மட்டமான தேக்கரண்டி 4 கிராம் என்று வைத்தாலே நாளுக்கு 60 கிராம். தலையிடி சீனியாலா, தேத்தண்ணியையே குறைத்ததாலா என்று பாருங்கள். தேயிலையில் உள்ள கஃபீன் குறைந்தாலும் தலையிடிக்கும். எனவே ஐந்து தேத்தண்ணியும் அப்படியே இருக்கட்டும். இரண்டு கிழமைக்கு ஒருதரம், ஐந்திலும் அரைக் கரண்டி சீனியைக் குறையுங்கள். எட்டுக் கிழமையில் ஒரு கரண்டிக்கு வந்துவிடுவீர்கள், நாக்கும் பழகிவிடும். குவித்து அள்ளும் கரண்டிதான் இதில் ஏமாற்றும், கத்தியால் வழித்து மட்டமாக்குங்கள். பனங்கட்டி கடித்துக் குடிப்பது நல்ல வழக்கம்தான், ஆனால் அதுவும் இனிப்பு. துண்டைச் சிறிதாக உடைத்து எண்ணி வையுங்கள்.

கேள்வி: இந்த வருடம் சாதாரண தரம் எழுதுகிறேன். கணிதத்தில் பயம். விடிய நாலு மணியில் இருந்து இரவு பதினொரு மணி வரை நேரசூசி போட்டு இரண்டு நாள்தான் படித்தேன். போனும் கையை விட்டுப் போகுதில்லை. (மாணவன், முழங்காவில்)

பதில்: தம்பி, அந்த நேரசூசியைக் கிழித்துவிடுங்கள். 19 மணித்தியாலத்தில் ஒரு மணித்தியாலம் பிந்தினாலே மிச்சம் எல்லாம் சரிந்துவிடும், பிறகு முழுநாளும் பிழைத்ததுபோல் இருக்கும்.

கணிதம் பகுதி I அ இல் 25 சிறு வினாக்கள் வரும். கடந்தகால வினாத்தாள் ஒன்றை எடுத்து, நாளுக்கு ஐந்து வினா மட்டும் செய்யுங்கள். ஐந்து நாளில் ஒரு தாளின் அந்தப் பகுதி முடியும். பின்னேரம் ரியூசனால் வந்து முகம் கழுவித் தேத்தண்ணி குடித்ததும், அந்தக் கப்பைக் கழுவி வைத்த கையோடு கொப்பியைத் திறக்கவேண்டும். காய்ச்சல் நாளில் ஒரு வினா போதும். விடையைப் பார்த்துச் சரி போடுவதோடு நிறுத்தாமல், பிழைத்த வினாவை வேறொரு கொப்பியில் எழுதி, எந்தப் படியில் பிழைத்தது என்று ஒரு வரி போடுங்கள். சக குறியை விட்டதா, பின்னத்தைச் சுருக்கியதா, வினாவையே பிழையாக வாசித்ததா? ஒரு மாதத்தில் அந்தக் கொப்பியே எதைப் படிக்கவேண்டும் என்று சொல்லும். ஒரே பிழை நாலு தரம் வந்திருந்தால் அந்தப் பக்கத்தை அப்படியே ஆசிரியரிடம் காட்டுங்கள். "கணிதம் விளங்கேல்லை" என்று கேட்பதைவிட அதற்கு விடை கிடைக்கும்.

போனைக் கவிழ்த்து வைத்தால் போதாது. ஐந்து வினா முடியும்வரை அது அடுத்த அறையில், அம்மாவின் கையில் இருக்கட்டும். பாடத்துக்குப் போன் தேவை என்றால் தேவையானதைக் கடதாசியில் குறித்து வைத்துவிட்டுக் கடைசியில் பாருங்கள்.

கேள்வி: கணவர் பத்து வருடமாக ஒவ்வொரு நாளும் குடிக்கிறார். சாராயம், காசில்லாவிட்டால் கசிப்பு. திருந்துகிறேன் என்கிறார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்வதா, ஒரேயடியாக நிறுத்தச் சொல்வதா? ஒருதரம் நிறுத்தி இரண்டாம் நாள் கை நடுங்கி, ஏதோ பார்த்துப் பயந்தவர்போல் கத்தினார். (வாசகி, செட்டிகுளம்)

பதில்: தங்கச்சி, மேலே மற்றவர்களுக்குச் சொன்ன முறையை இங்கே வீட்டில் வைத்துச் செய்யவேண்டாம். அவருக்கு அன்று வந்தது பிடிவாதமோ பேய்க்குணமோ அல்ல. நெடுங்காலம் நாள்தோறும் குடித்த உடம்பு திடீரென்று மது கிடைக்காதபோது படும் பாடு அது. கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 24 மணித்தியாலத்துக்குள் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாதது கண்ணுக்குத் தெரிந்து மனம் குழம்பலாம். இதில் உயிர் போகவும் கூடும். ஒருமுறை வந்தவருக்கு அடுத்தமுறை வரும் வாய்ப்புக் கூட. ஆகவே ஒரேயடியாக நிறுத்துவது வைத்தியர் பார்வையில் மட்டும்தான்.

கசிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதும் வீட்டில் நடக்காது. ஒவ்வொரு முறை வடிக்கும்போதும் அதன் வலு வேறு. அரைப் போத்தலாகக் குறைத்த நாளில் முன்னையதைவிடக் கூட மது உள்ளே போயிருக்கலாம். அளக்க முடியாததைக் குறைத்தோம் என்று சொல்லமுடியாது.

ஆகவே உங்கள் இருவருக்கும் இப்போது ஒரே ஒரு சின்ன இலக்கு: ஆஸ்பத்திரிக்கு ஒருதரம் போய்வருவது. உங்களுக்குக் கிட்ட வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது, உளநலப் பிரிவைக் கேளுங்கள். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கக் குளிசை தருவார்கள், மூளையைக் காக்கத் தயமின் என்ற விற்றமினும் தருவார்கள். போக முன்னம் பேசவேண்டும் என்றால் 1926 தேசிய உளநல உதவி இலக்கம். வலிப்போ மனக்குழப்பமோ வந்துவிட்டால் காத்திருக்காமல் 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள்.

அவரோடு பேசுவது விடியப்புறம், வெறி இல்லாத நேரத்தில். வெறியில் இருக்கும்போது சொன்ன சத்தியத்தைக் காலையில் எடுத்து வாதாடவேண்டாம். "திருந்து" என்பதைவிட "வருகிற செவ்வாய்க்கிழமை ஏழு மணி பஸ்ஸில் ரெண்டுபேரும் போவம்" என்று சொல்லுங்கள். அவர் அடித்தால் அந்த நேரம் பிள்ளைகளோடு பாதுகாப்பான வீட்டுக்குப் போய்விடுவதுதான் முதல் வேலை, பேச்சு பிறகு.

கிளினிக்குக்குக் கொண்டுபோக ஒரு கடதாசி எழுதி வையுங்கள்: கடந்த ஏழு நாளில் எது, எவ்வளவு குடித்தார், கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, முன்பு நிறுத்தியபோது எந்த நாளில் என்ன நடந்தது, வேறு என்ன குளிசை எடுக்கிறார். மருந்தின் அளவை வைத்தியர் தீர்மானிக்க இந்த விபரங்கள் வேண்டும்.