நெட்வொர்க் ஸ்கேனிங் கற்றுக்கொள்ள எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: நெட்வொர்க் அட்மின் வேலைக்குப் போக நினைக்கிறேன். ஸ்கேனிங் கற்றுக்கொள்ள எதில் தொடங்குவது? காலி லினக்ஸ் இல்லாமல் முடியாதா?

பாதுகாப்புச் சோதனைக் கருவிகளோடு வரும் காலி (Kali) லினக்ஸை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இப்போது கையில் இருக்கும் கம்ப்யூட்டரே போதும். விண்டோஸ், லினக்ஸ், மேக் எதுவானாலும், நெட்வொர்க்கில் என்ன திறந்திருக்கிறது என்று பார்க்கும் என்மேப் (Nmap) ஓடும், காசும் கிடையாது. கார்டன் லயன் 1997 செப்டம்பரில் ஃபிராக் என்ற ஹேக்கர் இதழில் வெளியிட்ட கருவி அது. இத்தனை வருடம் கழித்தும், ஸ்கேன் என்றால் எங்கள் ஆட்களுக்கு முதலில் கை போவது அதன்மேல்தான்.

ஆனால் என்மேப்பைத் தொடுவதற்கு முன்னால், எந்தெந்த போர்ட் (புரோகிராம்கள் வெளித்தொடர்புக்குக் காத்திருக்கும் எண்ணிட்ட வாசல்) திறந்திருக்கிறது என்று உங்கள் கம்ப்யூட்டரிடமே கேளுங்கள். விண்டோஸில் நெட்ஸ்டாட், லினக்ஸில் எஸ்எஸ் கட்டளை. எந்த புரோகிராம் எந்த போர்ட்டில் காத்திருக்கிறது என்று பட்டியல் வரும். அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதே வைஃபையில் உள்ள இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து உங்கள் கம்ப்யூட்டரை என்மேப்பால் ஸ்கேன் செய்யுங்கள். இரண்டு பட்டியலும் அநேகமாக ஒத்துப்போகாது. ஏன் என்று ஒவ்வொரு வரியாகத் தேடிப் பாருங்கள். உதாரணமாக, மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் 3306-இல் ஓடுகிறது, ஆனால் 127.0.0.1-இல் (அதே கம்ப்யூட்டருக்குள்) மட்டும் காத்திருப்பதால் வெளியிலிருந்து தெரியவில்லை. இன்னொன்றை ஃபயர்வால் மறைத்திருக்கும். வேறொன்று என்மேப் வழக்கமாகப் பார்க்கும் 1000 போர்ட்டுகளுக்குள் இருக்காது (இணைப்பு ஏற்படுத்திப் பேசும் டிசிபி முறையில் மொத்தம் 65,535 உண்டு). ஸ்கேன் காட்டுவது நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து தெரிவதை மட்டும்தான் என்பது இந்த ஒரு பயிற்சியில் மண்டையில் ஏறிவிடும். யூடியூபில் முப்பது கட்டளையை மனப்பாடம் செய்யச் சொல்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

அடுத்து, பக்கத்திலேயே, போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கையும் திறந்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு போர்ட்டை ஸ்கேன் செய்யுங்கள். நீங்கள் அனுப்புவது ஒரு சின் (SYN, இணையலாமா என்று கேட்கும்) பாக்கெட். சின்-ஏசிகே (சரி என்ற பதில்) திரும்பி வந்தால் போர்ட் ஓப்பன். ஆர்எஸ்டி (மறுப்பு) வந்தால் குளோஸ்டு. ஒன்றுமே வராவிட்டால் ஃபில்டர்டு. புதிதாக வருபவர்கள் கடைசி இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். குளோஸ்டு என்றால் அந்த மெஷின் உயிரோடு இருந்து பதில் சொல்கிறது, அந்த போர்ட்டில் சேவை எதுவும் ஓடவில்லை, அவ்வளவுதான். ஃபில்டர்டு என்றால் பெரும்பாலும் நடுவில் ஒரு ஃபயர்வால் பாக்கெட்டை விழுங்குகிறது. பதில் வராததால் என்மேப் காத்திருந்து மறுபடி அனுப்பும், ஸ்கேனும் இழுக்கும். ஆகவே ஸ்கேன் மெதுவாகப் போவதுகூட ஒரு தகவல்தான்.

இணைப்பு ஏற்படுத்தாமலே பாக்கெட் அனுப்பும் யூடிபி முறையில் ஸ்கேன் இன்னும் மோசம். மூடிய போர்ட்டுக்கு லினக்ஸ் அனுப்பும் ஐசிஎம்பி (பிழை அறிவிப்பு) பதில் விநாடிக்கு ஒன்று என்ற கணக்கில்தான் வரும். எல்லா போர்ட்டையும் பார்க்க 18 மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். அதனால் 53 (பெயர் தேடல்), 123 (நேரம்), 161 (சாதனக் கண்காணிப்பு) மாதிரி முக்கியமானவற்றை மட்டும் கொடுங்கள்.

சரி, அட்மினுக்கு இதனால் என்ன பயன்? 192.168.1.0/24 (192.168.1.0 முதல் 192.168.1.255 வரை) என்று ஒரு ஆபீஸ் நெட்வொர்க் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் யார் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். ஒரே லேனுக்குள் (LAN, உள் நெட்வொர்க்) என்மேப் ஏஆர்பி (இந்த முகவரி யாருடையது என்று கேட்கும் முறை) மூலம் விசாரிப்பதால், பிங்குக்குப் பதில் சொல்லாத மெஷின்களும் மாட்டும். அதில் 47-ஆம் முகவரியில் 23, 80, 554 ஓப்பன் என்று வந்தால் எனக்கு உடனே சிசிடிவி டிவிஆர் ஞாபகம்தான் வரும். 554 வீடியோ ஓடும் போர்ட். 23 டெல்நெட், தூரத்திலிருந்து சாதனத்துக்குள் நுழையும் பழைய வழி. கேமரா மாட்டியவர் தொழிற்சாலை பாஸ்வேர்டை மாற்றாமல் போயிருந்தால் கதை முடிந்தது. 2016-இல் மிராய் என்ற தீநிரல் இப்படித்தான் பரவியது: டெல்நெட் திறந்திருக்கும் சாதனங்களைத் தேடி, தெரிந்த பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்த்தது. வெளியுலகுக்கு 445 (விண்டோஸ் கோப்புப் பகிர்வு போர்ட்) திறந்திருந்தாலும் அதே கவலைதான். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை நுழைந்த வழி அது. மைக்ரோசாஃப்ட் அதற்கான பேட்சை மார்ச்சிலேயே கொடுத்துவிட்டிருந்தது!

பிரிண்டர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதை. சில பிரிண்டர்கள் 9100 போர்ட்டுக்கு எது வந்தாலும் அப்படியே அச்சடித்துத் தள்ளும். அதற்காகவே என்மேப், போர்ட்டில் ஓடும் புரோகிராமின் வெர்ஷனைப் பார்க்கும்போது அந்த போர்ட்டைத் தானாக விட்டுவிடுகிறது. எல்லா போர்ட்டையும் பார் என்று வற்புறுத்தினால் பக்கம் பக்கமாகக் குப்பை வரும், அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் இருந்து போனும் வரும்.

அனுமதி விஷயத்தில் விளையாடாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவு, அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினியையோ நெட்வொர்க்கையோ அணுகுவது பற்றியது. அதையே மோசடி நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை. நான் ஸ்கேன் மட்டும்தான் செய்தேன் என்று போலீஸிடம் விளக்கிக்கொண்டிருக்கும் நிலை உங்களுக்கு வேண்டாம். சொந்த ஆபீஸிலேயே மேனேஜர் வாயால் சொன்னது போதாது. எந்த முகவரிகள், எந்த நேரம் என்று குறிப்பிட்டு ஒரு மெயில் வாங்கிவிடுங்கள். காபி ஷாப் வைஃபை, காலேஜ் நெட்வொர்க் பக்கமே போக வேண்டாம்.

பழகிப் பார்க்க இடமா இல்லை? என்மேப் திட்டத்தாரே ஸ்கேன்மீ என்று ஒரு சர்வரைத் திறந்து வைத்திருக்கிறார்கள், அளவாக ஸ்கேன் செய்துகொள்ளலாம். வீட்டில் விர்ச்சுவல்பாக்ஸில் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள்) மெட்டாஸ்ப்ளாய்டபிள் 2-ஐ ஏற்றிக்கொள்ளுங்கள். வேண்டுமென்றே ஓட்டையாகச் செய்த மெஷின் அது, அதனால் உங்கள் கம்ப்யூட்டரோடு மட்டும் பேசும் ஹோஸ்ட்-ஒன்லி நெட்வொர்க்கில் மட்டும் வையுங்கள்.

வேலையில் சேர்ந்த பிறகு ஒவ்வொரு ஸ்கேனையும் எக்ஸ்எம்எல் கோப்பாகச் சேமியுங்கள். என்மேப்போடு வரும் என்டிஃப் இரண்டு கோப்புகளை ஒப்பிட்டு, புதிதாக முளைத்த மெஷினையும் போர்ட்டையும் காட்டிவிடும். கோப்பின் பெயரில் தேதியோடு, எந்த மெஷினிலிருந்து ஓட்டினீர்கள் என்பதையும் போடுங்கள். ஃபயர்வாலுக்கு உள்ளே எடுத்ததையும் வெளியே எடுத்ததையும் ஒப்பிட்டால் என்டிஃப் பக்கம் பக்கமாக வித்தியாசம் காட்டும், அதில் எதுவும் புதிதாக இருக்காது.